குன்றிமணி முதல் கிலோகிராம் வரை
நிறுத்தலளவையின் வரலாறு

பொருள்களை அளந்தறியும் முறைகளைத் தமிழ் இலக்கண நூலார் நான்காகப் பகுத்தனர். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பன அவை. தேங்காயை எண்ணுகிறோம், பொன்னை எடுக்கிறோம், அஃதாவது நிறுக்கிறோம், நெல்லை முகக்கிறோம், துணியை நீட்டி அளக்கிறோம். இந்நான்கனுள் மூன்று கண்ணுக்குப் புலனாவன. பத்துத் தேங்காய் ஒன்பதாகக் குறைந்தால் குழந்தையும் கண்டுகொள்ளும். படி தலை தட்டியிருப்பதையும் முழம் குறைந்திருப்பதையும் பார்த்தே அறியலாம். எடை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியாதது. கைக்கும் அது திட்டமாகத் தெரிவதில்லை. ஒரு கட்டிச் சர்க்கரையில் ஒரு தாயில் குறைந்தால் வாங்குபவர் கை அதனை உணராது. ஆதலால் நிறுத்தலில் மனிதன் தன் புலன்களை விடுத்து ஒரு கருவியை நம்ப வேண்டியவனானான். அக்கருவியோ பெரும்பாலும் எதிரே நிற்பவர் கையில் இருந்தது. நிறுத்தலளவையின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க மக்கள் எடுத்துக்கொண்ட முயற்சிகளின் வரலாறே எனலாம்.

தமிழ்ச் சொற்களே இதற்கு முதற்சான்று. எடு என்னும் வினையினின்று எடை பிறந்தது. நிறு என்பதினின்று நிறை பிறந்தது. தூக்கு என்பது வினையாகவும் நிறுக்கும் கோலின் பெயராகவும் நின்றது. பொருளைத் தரையினின்று உயர்த்திப் பிடித்தாலன்றி அதன் கனம் விளங்காது என்னும் பட்டறிவு இச்சொற்கள் மூன்றிலும் இருப்பதைக் காணலாம். தராசு என்னும் சொல் பாரசீக மொழியிலிருந்து பிற்காலத்தில் வந்து கலந்தது. துலாம் வடசொல்.

தொல்காப்பியர் காலத்திலேயே தமிழில் அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் பல்கியிருந்தன. அப்பெயர்கள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று அவர் விதி வகுத்தார். சொற்கள் மிகுந்திருந்தாலன்றி இத்தகைய விதிக்குத் தேவை எழாது. உரையாசிரியர் இளம்பூரணர் நிறைப் பெயர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை என்பவற்றைத் தந்துள்ளார். இவற்றுள் கழஞ்சும் சீரகமும் வித்துகளின் பெயர்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

விதைகளே முதற்கற்கள்

எடைக்குக் கல்லும் இரும்பும் வருவதற்கு முன்னர் விதைகளே எடைக்கற்களாக விளங்கின. சிவந்த உடலும் கரிய முனையும் உடைய குன்றிமணி, முழுவதும் சிவந்த மஞ்சாடி, சாம்பல் நிறக் கழற்சி ஆகிய மூன்றும் தமிழ்நாட்டுப் பொற்கொல்லரின் எடைகள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடி வித்து ஏறத்தாழக் கால் கிராம் எடையுள்ளது. குன்றிமணி அதிற் பாதி. ஆகவே ஒரு கழஞ்சு இன்றைய அளவில் ஐந்து கிராமுக்குச் சற்று மேற்பட்டது.

விதையை மக்கள் தேர்ந்தது தற்செயலன்று. இவ்வித்துகளின் தோல் கடினமானது. காய்ந்தபின் எளிதில் நீரை உறிஞ்சாது, பூச்சி அரிக்காது, ஆண்டுக்கணக்கில் எடை மாறாது. ஒரு மரத்து வித்துக்கும் மற்றொரு மரத்து வித்துக்கும் உள்ள வேறுபாடு சிறிதே. இவை அனைத்தினும் மேலாக, விதை எவர்க்கும் உடைமையன்று. பொன் விற்பவனும் வாங்குபவனும் தத்தம் ஊர் வேலியிலிருந்து அதனைப் பறித்து வரலாம். எதிராளியின் கையிலுள்ள கல்லை நம்ப வேண்டிய தேவை அங்கு இல்லை.

இம்முறை தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. மலாய் மக்கள் மஞ்சாடியைச் சாகா என்பர். 12 சாகா ஒரு மாயம், 16 மாயம் ஒரு பொங்கால் என்பது மலாய்ப் பொற்கொல்லரின் பழைய வாய்பாடு. ஆங்கிலேயர் காலத்தில் ஒரு பொங்கால் 832 கிரெயின் எனக் கொள்ளப்பட்டது. அதனை 192 சாகாவாகப் பகுத்தால் ஒரு சாகா நான்கு கிரெயினுக்குச் சற்று மேல், அஃதாவது 0.28 கிராம் ஆகிறது. இஃது ஒரு மஞ்சாடி வித்தின் எடையே. கடலின் இரு கரையிலும் பொன்னை நிறுத்த கைகள் ஒரே வித்தைத் தேடியிருக்கின்றன. தமிழ்ப் பொற்கொல்லர் இத்தீபகற்பத்துக்கு மிகப் பழங்காலத்திலேயே வந்தவர் என்பதற்குச் சான்றும் உண்டு. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த ஓர் உரைகல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என அறிஞர் கணித்துள்ளனர். உரைகல் மாற்றைக் காண்பதற்கு உரியது, எடைக்கல் அன்று. எனினும் பொன்னை உரைத்துப் பார்த்தவன் அதனை நிறுத்தும் பார்த்திருப்பான் என்பதில் ஐயமில்லை.

விதைக்கும் ஒரு குறை உண்டு. ஒரே மரத்திலும் பருத்த வித்தும் சிறுத்த வித்தும் இருக்கும். வாங்குபவன் பருத்தவற்றையும் விற்பவன் சிறுத்தவற்றையும் பொறுக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு குன்றி பொன்னில் இவ்வேறுபாடு பொருட்டன்று. ஆயிரம் கழஞ்சுப் பொன்னில் அது பெருஞ்செல்வம். ஆகவே மாறாத கல் தேவைப்பட்டது. கல் வந்ததும், அக்கல் யாருடையது என்னும் கேள்வியும் உடன் வந்தது.

தஞ்சைக் கோயிலின் கல்

இக்கேள்விக்குச் சோழர் காலம் தந்த விடை குறிப்பிடத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்டவன். அவனும் அவன் தமக்கை குந்தவையாரும் அரசியரும் அதிகாரிகளும் கோயிலுக்கு அளித்த பொன்னும் அணிகலன்களும் கோயிற் சுவர்களிலேயே கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அணியின் பெயரும், அதிலுள்ள முத்து, மணிகளின் எண்ணிக்கையும், எடையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று மிக நுட்பமாக எழுதப்பட்டுள்ளன. கோத்த நூல் நீக்கி நிறுத்ததா, உள்ளே பெய்த அரக்கையும் சேர்த்து நிறுத்ததா என்பதுங்கூடக் குறிக்கப்பட்டுள்ளது.

அவற்றோடு எந்தக் கல்லால் நிறுத்தனர் என்பதும் கூறப்பட்டுள்ளது. பொன்னை நிறுத்த கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். மணிகள் பதித்த அணிகளை நிறுத்த கல்லுக்குத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்று பெயர். இரண்டும் அக்கோயில் இறைவனின் திருப்பெயர்களே. நெல் அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்னும் பெயர் வழங்கியது.

கல்லுக்கு ஏன் பெயர் வேண்டும்? நாட்டில் பல கற்கள் வழங்கின. ஓரூர்க் கழஞ்சும் மற்றோரூர்க் கழஞ்சும் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. ‘நூறு கழஞ்சு’ என்று மட்டும் எழுதினால், எக்கல்லால் நூறு என்னும் வழக்கு நாளை எழும். கல்லின் பெயரையும் உடன் எழுதிவிட்டால் அவ்வழக்குக்கு இடமில்லை. மேலும், கோயிலின் கல் தனி வணிகன் ஒருவனுடைய கல் அன்று, கொடுத்தவனுடையதும் அன்று, பெற்றவனுடையதும் அன்று. எடை எழுதப்பட்ட சுவரோ எழுத்தறிந்தார் எவரும் நின்று படிக்கக்கூடிய இடம். நம்பிக்கைக்கு உரிய கல் ஒன்றைப் பொதுவில் வைத்து, நிறுத்த கணக்கையும் பொதுவில் எழுதி வைத்த முறை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தில் இருந்தது என்பது இதனாற் புலனாகும்.

கோலின் வகையும் குறையும்

எடைக்கல் நேராயிருந்தால் மட்டும் போதாது. கோலும் நேராயிருத்தல் வேண்டும். நிறுக்கும் கோல் இரு பெரும் வகைப்படும். இரு தட்டுகளையும் நடுவில் முள்ளையும் உடையது சமதட்டுத் தராசு. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமையாகக் கொண்டது இதனையே. முதலில் தான் சமனாக நின்று, பின்னர் வைத்த பொருளின் சீரைத் தூக்கிக் காட்டுவது அது. மற்றொன்று ஒரு புறம் நீண்டும் ஒரு புறம் குறுகியும் உள்ள வெள்ளிக்கோல். மலாயாவில் இதனை டாச்சிங் என்பர். நிறுத்தல் என்னும் பொருளுடைய சீனச் சொல்லின் வழியாக மலாய்மொழிக்கு வந்த பெயர் அது.

டாச்சிங்கின் அமைப்பு எளியது. நீண்ட கோல் ஒன்று. அதன் ஒரு முனைக்கு அருகில் பொருளை மாட்டக் கொக்கியோ தட்டோ. சற்றுத் தள்ளித் தூக்கிப் பிடிக்கும் கயிறு. மறு பக்கத்தில் நகர்த்தக்கூடிய ஒரு குண்டு. கோலின் மேல் பித்தளைப் புள்ளிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். கோல் கிடையாக நிற்கும் வரை குண்டை நகர்த்தி, அது நிற்கும் புள்ளியைப் படித்தால் எடை தெரியும். ஒரு கட்டிக் குண்டு, பொருள் தொங்கும் தொலைவினும் பத்து மடங்கு தள்ளி நின்றால் பத்துக் கட்டிப் பொருளைத் தாங்கும். மூட்டை மூட்டையாகக் கற்களைச் சுமந்து திரிய வேண்டா என்பதே இதன் சிறப்பு. சந்தைக்கும் படகுக்கும் காட்டு வழிக்கும் ஏற்ற கருவி இது. மருந்தும் அபினும் நிறுத்த மிகச் சிறிய டாச்சிங்குகளின் கோல் எலும்பாலோ தந்தத்தாலோ செய்யப்பட்டது. பிடில் வடிவான மரப்பெட்டியில் அவற்றைச் சட்டைப் பையிலேயே கொண்டு சென்றனர்.

சிறப்பு எதுவோ அதுவே குறையும் ஆயிற்று. சமதட்டுத் தராசில் ஐயம் தோன்றினால் பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பார்க்கலாம். கை நீளங்கள் ஒத்திருந்தால் இரு முறையும் ஒரே எடை காட்டும். ஒரு முறை 100 பலமும் மறு முறை 121 பலமும் காட்டினால் தராசு பொய்யென்பது வெளிப்படும். உண்மை எடை அவ்விரண்டின் பெருக்குத் தொகையின் வர்க்கமூலமாகிய 110 பலம் ஆகும். தராசின் குறையைத் தராசே காட்டிக்கொடுத்துவிடுகிறது. டாச்சிங்கில் இவ்வாறு மாற்றிப் பார்க்க வழியில்லை. அதன் குண்டைச் சிறிது குடைந்து இலேசாக்கினால், அது கோலில் இன்னும் தள்ளிச் சென்றே நிற்கும். பொருளின் எடை கூடுதலாகத் தோன்றும். இது பொருளை விற்பவனுக்கு ஊதியம். குண்டில் சிறிது ஈயம் ஏற்றிக் கனமாக்கினால், அது முன்னதாகவே நின்றுவிடும். எடை குறைவாகத் தோன்றும். இது விளைபொருளை வாங்குபவனுக்கு ஊதியம். ஒரு கடையில் இரண்டு குண்டுகள் இருந்தால், அரிசி வாங்க வந்தவனும் ஏமாறுவான். ரப்பர்த் தகடு விற்க வந்தவனும் ஏமாறுவான்.

மலாக்காத் துறைமுகத்தில் இரு டாச்சிங்

தமிழ் வணிகர் கடல் கடந்து சென்ற இடங்களிலெல்லாம் எடையும் உடன் சென்றது. சுமத்திராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற பாரூசுக்கு அருகிலுள்ள லோபு துவாவில் கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர், மரக்கலத்தில் வருவோர் கத்தூரியின் விலைக்கு ஏற்பப் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அதில் வரையறுத்துள்ளனர். கத்தூரியின் எடையும் பொன்னின் எடையும் திட்டமாக இல்லாத இடத்தில் அத்தகைய விதி செல்லாது.

பிற்காலத்தில் மலாக்கா எழுந்தது. குசராத்தியர், தமிழர், வங்காளியர், பெகுவர், சாவகர், சீனர் எனப் பல நாட்டவர் கூடிய அத்துறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் எடையோடு வந்தனர். அவர்களைக் கவனிக்க ஷாபந்தர் எனப்பட்ட துறைமுகத் தலைவர் நால்வர் இருந்தனர். மலாக்காச் சட்டத்திரட்டு எடைகளையும் அளவைகளையும் ஷாபந்தரின் பொறுப்பில் வைத்தது. வணிகனின் கையிலிருந்து கோலை வாங்கி அரசின் கையில் கொடுத்த ஏற்பாடு இது.

1511இல் மலாக்கா போர்த்துக்கீசியர் வசமாயிற்று. 1554இல் அந்தோனியோ நூனசு என்னும் போர்த்துக்கீசியர் கீழ்த்திசைத் துறைமுகங்களின் எடை, அளவு, நாணயங்களைத் தொகுத்து நூலொன்று எழுதினார். மலாக்காவில் பெரிய டாச்சிங், சிறிய டாச்சிங் என இரண்டு வழங்கியதை அவர் குறித்துள்ளார். இரண்டிலும் 200 கட்டி ஒரு பாரம். ஆனால் சிறிய டாச்சிங்கின் கட்டி 2 ராத்தல். பெரிய டாச்சிங்கின் கட்டியோ 2 ராத்தலுக்கு மேல் 4 அவுன்சினும் கூடியது. பெயர் ஒன்று, எண்ணிக்கை ஒன்று, எடை மட்டும் வேறு. இதனை அறியாமல் ஒரு பாரத்துக்கு விலை பேசிய புது வணிகன் எத்துணை இழந்திருப்பான் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவனை எவரும் பொய்க்கோலால் ஏமாற்றவில்லை. கோல் இரண்டும் மெய்க்கோலே. அறியாமையே அவனை ஏமாற்றியது.

கட்டி, தாயில், பிக்குள்

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வெடைகள் ஆங்கில ராத்தலோடு பிணைக்கப்பட்டன. 16 தாயில் ஒரு கட்டி. 100 கட்டி ஒரு பிக்குள். 3 பிக்குள் ஒரு பாரம். 40 பிக்குள் ஒரு கோயான். ஒரு கட்டி ஒன்றேமூன்றிலொரு பங்கு ராத்தல். ஒரு பிக்குள் 133⅓ ராத்தல். தாயிலுக்குக் கீழே 10 சீயும், ஒவ்வொரு சீயிலும் 10 ஹூனும் உண்டு. அபினும் மருந்துச் சரக்கும் இந்நுண்ணளவில் நிறுக்கப்பட்டன. பிக்குள் என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தோளில் சுமத்தல் என்பது பொருள். ஓர் ஆள் சுமக்கக்கூடிய சுமை அது. பாரம் என்பது இந்நாட்டுக்கு இந்தியாவிலிருந்து வந்த சொல். தேயிலை வைக்கும் பேழையை ஆங்கிலத்தில் காடி என்பதும் கட்டியிலிருந்து பிறந்ததே.

சென்னை மாநிலத்திலிருந்து வந்த தமிழர் அறிந்திருந்த எடைகள் வேறு. 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி என்பது அவர்கள் ஊர் வாய்பாடு. மணங்கை 25 ராத்தலாகவும் கண்டியை 500 ராத்தலாகவும் வணிகர் கொண்டனர். வீசையில் கணக்கிட்டுப் பழகியவர் இங்கு வந்ததும் கட்டியில் அரிசியும், ராத்தலில் கூலியும், கந்தாங்கில் படியளவும் கற்க வேண்டியிருந்தது. ஒரு வாழ்நாளில் ஒரு குடும்பம் மூன்று அளவை முறைகளைக் கற்றது என்றால் மிகையாகாது.

சீன மொழியில் ‘அரைக் கட்டி, எட்டுத் தாயில்’ என்று ஒரு வழக்கு உண்டு. இரண்டும் ஒன்றே, வேறுபாடு இல்லை என்பது அதன் கருத்து. ஆனால் சீன நாட்டிலேயே 1959இல் கட்டிக்கு 16 தாயில் என்பதை மாற்றிப் 10 தாயில் ஆக்கிவிட்டனர்; கட்டியும் அங்கு 500 கிராம். தைவானில் அது 600 கிராம். ஹாங்காங்கிலும் மலாயாவிலும் ஏறத்தாழ 605 கிராம். நூனசு கண்ட மலாக்காவின் கதை இருபதாம் நூற்றாண்டிலும் மறையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

பால் நிறுவை

மலாயாத் தமிழரின் வாழ்வில் எடையின் பொருள் முழுவதும் விளங்கிய இடம் ரப்பர்த் தோட்டத்துப் பால் நிறுவைக் கொட்டகையே. இருள் பிரியுமுன் மரம் சீவத் தொடங்கி, பின்னர்ப் பால் எடுத்து, வாளிகளைச் சுமந்து வந்து வரிசையில் நிற்பர். வாளியின் எடை கழிக்கப்பட்டுப் பாலின் எடை கிராணியின் ஏட்டில் ஏறும். ஒட்டுப்பால் தனியே நிறுக்கப்படும். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட ஒவ்வொரு ராத்தலுக்கும் கூடுதற் கூலி என்னும் முறை வந்தபின், தராசு முள்ளின் ஒவ்வோர் அசைவும் ஒரு குடும்பத்தின் அடுப்போடு தொடர்புடையதாயிற்று.

அங்கு எடை மட்டும் போதவில்லை. பாலில் பெரும்பகுதி நீர். ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மழை நாளில் அது மேலும் குறையும். ஆதலின் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று காண மெட்ரொலாக் என்னும் மிதவைக் கருவி பயன்பட்டது. ரப்பர் நீரினும் இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் அக்கருவி ஆழ அமிழும். நீர் மிகுந்த பாலில் உயர்ந்து மிதக்கும். அது காட்டும் எண்ணைப் பாலின் எடையோடு பெருக்கினால்தான் கூலிக்குரிய எடை கிடைக்கும். இவ்வாறு உழைப்பாளியின் ஊதியம் இரண்டு கருவிகளையும் ஒரு பெருக்கலையும் பொறுத்ததாயிற்று. தராசு முள்ளைப் பார்க்கத் தெரிந்தவர் சிலர். மெட்ரொலாக்கைப் படிக்கத் தெரிந்தவர் அவரினும் சிலர். பெருக்கிப் பார்க்கத் தெரிந்தவர் மிகச் சிலர். கோல் நேராயிருந்தும், அதனைப் படிக்கத் தெரியாதவனுக்கு அது பிறர் சொல்லே ஆகும். மலாக்காவில் இரு டாச்சிங்கை அறியாத வணிகனின் நிலையும் கொட்டகையில் நின்ற உழைப்பாளியின் நிலையும் ஒன்றே.

எடையும் பொருண்மையும்

அறிவியல் ஈண்டு மற்றொரு நுட்பத்தைக் காட்டுகிறது. இருதட்டுத் தராசும் டாச்சிங்கும் ஒரு பொருளை மற்றொரு பொருளோடு ஒப்பிடுகின்றன. அவை உண்மையில் அறிவிப்பது பொருண்மை. அஃதாவது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. வில் தராசோ பூமி அப்பொருளை இழுக்கும் விசையைக் காட்டுகிறது. அதுவே எடை. பூமியின் இழுப்பு எங்கும் ஒரே அளவினதன்று. துருவத்தில் மிகுதி, நடுக்கோட்டில் குறைவு. இலண்டனில் சரிபார்த்த வில் தராசைத் திருத்தாமல் சிங்கப்பூரில் தூக்கினால், 100 கட்டிப் பொருள் ஏறத்தாழ 5 தாயில் குறைவாகக் காட்டும். பொருள் குறையவில்லை, வணிகன் திருடவும் இல்லை, இடம் மாறியதே காரணம். அதே பொருளை டாச்சிங்கில் தூக்கினால் இலண்டனிலும் சிங்கப்பூரிலும் ஒரே புள்ளியில் நிற்கும்; குண்டின் எடையும் பொருளின் எடையும் ஒரே விகிதத்தில் மாறுவதே இதற்குக் காரணம். வில் தராசை அது பயன்படும் நாட்டிலேயே முத்திரையிட வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

எல்லா மக்களுக்கும் ஒரு கல்

கோயிற் கல் ஒரு கோயிலுக்கும், ஷாபந்தரின் கோல் ஒரு துறைக்கும் பொதுவாயின. உலகம் முழுமைக்கும் பொதுவான கல்லைத் தேடும் முயற்சி பிரெஞ்சுப் புரட்சியின்போது தொடங்கிற்று. அந்நாட்டில் ஊருக்கோர் எடை வழங்கியது குடியானவரின் நெடுநாள் முறையீடுகளுள் ஒன்று. 1795ஆம் ஆண்டுச் சட்டம் கிராம் என்னும் அலகை நீரைக் கொண்டு வரையறுத்தது. 1799இல் பிளாட்டினத்தால் ஒரு கிலோகிராம் உருளை செய்யப்பட்டது. 1875இல் 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1889இல் நூற்றுக்குத் தொண்ணூறு பிளாட்டினமும் பத்து இரிடியமும் கலந்த புதிய உருளை உலகின் மூலக்கல்லாக ஏற்கப்பட்டது. அதன் உயரமும் குறுக்களவும் 39 மில்லிமீட்டர். பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ரேயில் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் அது காக்கப்பட்டது. அதன் படிகள் பல நாடுகளுக்கு வழங்கப்பட்டன.

இக்கல்லுக்கும் சோதனை வந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் மூல உருளையையும் அதன் படிகளையும் ஒப்பிட்டபோது, அவற்றிடையே சுமார் 50 மைக்ரோகிராம் வரை வேறுபாடு தோன்றியிருந்தது. படிகள் கூடினவா, மூலம் குறைந்ததா என்று கூற வழியில்லை. மூலக்கல்லே அளவுகோலாயிருக்கையில் அதனை எதனால் அளப்பது? ஆகவே 2019 மே 20ஆம் நாள் முதல் கிலோகிராம் எந்த உருளையையும் சார்ந்ததன்று. பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணை நிலையாக வைத்து அது வரையறுக்கப்படுகிறது. பிரையன் கிபிள் 1975இல் கருதிக் கண்ட முறையில் அமைந்த மின் தராசு அதனை நடைமுறைக்குக் கொணரும் வழிகளுள் ஒன்று. தக்க கருவியுள்ள எந்நாட்டவரும் பாரிசுக்குச் செல்லாமலே கிலோகிராமைச் சரிபார்க்கலாம். எவர்க்கும் உடைமையல்லாத குன்றிமணியில் தொடங்கிய பயணம் எவர்க்கும் உடைமையல்லாத இயற்கை மாறிலியில் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தியா 1956இல் சட்டமியற்றி மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. சிங்கப்பூர் 1970இல் அம்மாற்றத்தை முடிவு செய்தது; மலேசியா 1972இல் எடை அளவைச் சட்டத்தை இயற்றியது. அதன்பின் படிப்படியாகக் கட்டியும் ராத்தலும் கடைப் பலகைகளினின்று மறைந்தன. மாறிய காலத்தில் ஒரு கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தேவைப்பட்டது. ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 1.65 கட்டி. கட்டி 60 காசுக்கு விற்ற பொருள் கிலோ 99 காசுக்கு விற்றால் விலை ஏறவில்லை. அதே பொருள் கிலோ 1 வெள்ளி 20 காசுக்கு விற்றால் விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. கூட்டல் பெருக்கல் அறிந்தவர் இதனைக் கடையிலேயே கண்டனர். அறியாதவர் புதிய அளவையின் மீது பழி போட்டு, கேட்ட காசைக் கொடுத்தனர்.

இவ்வரலாறு முழுவதையும் நோக்குங்கால் ஓர் உண்மை தெளிவாகிறது. எடையின் நேர்மை கல்லில் மட்டும் இல்லை. கோலில் மட்டும் இல்லை. கொடுப்பவன், கொள்பவன் இருவரையும் சாராத பொதுக்கல் ஒன்று வேண்டும். அதனோடு ஒப்பிட்டுக் கோலைச் சரிபார்க்கும் சட்டம் வேண்டும். அவ்விரண்டும் இருந்த பின்னரும், முள்ளைப் படித்துக் கணக்கிட்டுப் பார்க்கும் அறிவு நிறுக்கப்படும் பொருளுக்கு உரியவனிடம் இருத்தல் வேண்டும். முன்னிரண்டையும் அரசுகளும் அறிஞரும் தந்துவிட்டனர். மூன்றாவதைத் தரவேண்டிய இடம் பள்ளி. குன்றிமணியும் மஞ்சாடியும் இன்றும் வேலியோரத்தில் கிடைக்கின்றன. ஒரு கழியும் கயிறும் இரண்டு தகரத் தட்டுகளும் இருந்தால் வகுப்பறையில் தராசு ஆகிவிடும். தட்டு மாற்றி நிறுத்துப் பார்க்கக் கற்ற சிறுவன், வளர்ந்தபின் எந்தக் கோலின் முன்னும் தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை.